கை அறுக்கும் புல்: வயலில் தெரியும் அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

எங்களுக்குச் சேலம் மாவட்டம் பூலாம்பட்டி பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்கால் பாசனம். ஆகஸ்டு தொடக்கத்தில் தண்ணீர் விட்டால் டிசம்பர் நடுவில் அடைத்துவிடுவார்கள். அதற்குள் ஒரு போகம் நெல் எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரோடு சேர்ந்து எங்கள் வயலுக்கு வந்த ஒரு புல்லோடு ஏழெட்டு வருடமாக மல்லுக்கட்டி வருகிறேன். பார்க்க நெல் மாதிரியே இருக்கும். தொட்டால் கையைக் கீறும். பிடுங்கிப் போட்டால் பத்து நாளில் அதே இடத்தில் நிற்கும். எங்கள் வீட்டில் இதை அறுக்கும் புல் என்றுதான் சொல்வோம். தாவரவியல் பெயர் லீர்சியா ஹெக்ஸாண்ட்ரா.

லீர்சியா என்பது ஒரு பேரினம். சுமார் 18 இனங்கள் அதில் உண்டு. அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று ஈரம் நிற்கும் இடமெல்லாம் ஏதாவது ஒரு லீர்சியா இருக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த லீர்ஸ் என்ற தாவரவியலாளரின் பெயரை 1788இல் சுவீடன்காரரான சுவார்ட்ஸ் இதற்கு வைத்தார். நெல்லின் வகையறாவிலேயே நெல்லுக்கு மிக நெருங்கிய பங்காளி இதுதான். பல நெல் இனங்களின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டபோது, நெல்லுக்கு வெளியே நின்று ஒத்துப் பார்ப்பதற்கு மடகாஸ்கரில் வளரும் ஒரு லீர்சியாவைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பங்காளி உறவுதான் நம் பிரச்சினைக்கும் வேர். நெல்லுக்குப் பிடித்த சேறு, தண்ணீர், உரம் எல்லாம் அதற்கும் பிடிக்கும்.

முதல் அறிகுறியை எல்லாரும் படித்துவிடுங்கள். அப்புறம் உங்கள் வயலில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம்.

"இது நெல்லா, புல்லா? அடையாளமே தெரியவில்லை"

நட்டு இருபது நாள் ஆன வயலில் வரப்பில் நின்று பார்த்தால் நெல், குதிரைவாலி, அறுக்கும் புல் மூன்றும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். இறங்கி ஒரு தண்டைப் பிடியுங்கள். இலை தண்டோடு சேரும் இடத்தில் இலையை மெதுவாகப் பின்னால் வளைத்தால் உள்பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று நிற்கும். அதற்கு நாக்கு என்று பெயர். நெல்லில் அந்த நாக்கு நீளமாக, நுனி கூராகி இரண்டாகப் பிளந்திருக்கும். அதன் இரண்டு பக்கமும் மயிரோடு வளைந்த காதுகள் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். குதிரைவாலியில் நாக்கும் கிடையாது, காதும் கிடையாது, அந்த இடமே வழவழவென்று இருக்கும். அறுக்கும் புல்லில் நாக்கு உண்டு. ஆனால் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான், கத்தரியால் நறுக்கியது போல மட்டமாக நிற்கும். நெல்லுக்கு இருப்பது போன்ற மயிர்க் காது இருக்காது.

இன்னும் சந்தேகம் இருந்தால் கணுவைப் பாருங்கள். சேற்றை விரலால் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். அறுக்கும் புல்லின் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை மயிர் அடர்த்தியாக வளையம் கட்டியிருக்கும், கீழ்நோக்கிப் படிந்திருக்கும். நெல்லின் கணு மொழுக்கென்று இருக்கும். எனக்கு இதைவிட நம்பகமான அடையாளம் கிடைத்ததில்லை. கதிர் வராத மாதத்திலும், மாடு மேய்ந்து இலை போன தண்டிலும் இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

கதிர் வந்துவிட்டால் வேலை சுலபம். ஊசியில் நூல் கோர்க்க அம்மா வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை ஒருநாள் வயலுக்கு எடுத்துப்போனேன். ஒரு கையில் நெல்மணி, ஒரு கையில் இதன் மணி. நெல்மணியின் அடியில், காம்பைத் தொடும் இடத்தில், இரண்டு சின்னச் செதில்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இதன் மணி நாலு மில்லிமீட்டர் போலத்தான் நீளம், பக்கவாட்டில் தட்டையாக அமுங்கியிருக்கும், அடியில் அந்தச் செதில் இல்லாமல் உமி நேராகக் காம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். பூத்திருந்த மணி ஒன்றில் மகரந்தப் பைகளை எண்ணினேன். ஆறு. ஹெக்ஸாண்ட்ரா என்ற பெயருக்கு அர்த்தமே அந்த ஆறுதான். வயலில் காணும் மற்றப் புற்களில் பெரும்பாலும் மூன்றுதான் இருக்கும். பக்கத்தில் பூத்திருந்த நெல்லையும் எண்ணினேன், அதிலும் ஆறு. அத்தனை வருடம் களை என்று திட்டிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பங்காளியாகப் பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை. மணியின் நுனியில் நீண்ட மீசை இருந்து, தட்டினால் உதிர்ந்தால் அது காட்டு நெல். அதற்கு இங்கே சொல்லும் வைத்தியம் பொருந்தாது. கதிர் முற்றும் முன்பே வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோக வேண்டும்.

"களை எடுத்துப் பத்தே நாள், மறுபடி நிற்கிறது"

அநேகமாக நீங்கள் மேலே பிடித்து இழுத்திருப்பீர்கள். தண்டு அறுந்து கையில் வந்திருக்கும். அடியில் சேற்றுக்குள் படுத்திருக்கும் தண்டும் வெள்ளைக் கிழங்குத் தண்டும் அப்படியே இருக்கும். இது பல பருவம் வாழும் புல். விதையைவிட தண்டுத் துண்டால்தான் அதிகம் பரவுகிறது. ஒரு துண்டில் ஒரே ஒரு கணு இருந்தால் போதும், ஈரச் சேற்றில் அந்தக் கணுவிலிருந்து வேர் விட்டுவிடும். நம்பாதவர்கள் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் சேறு போட்டு, ஒவ்வொரு கணுவாக நறுக்கி மேலே போட்டு வையுங்கள். ஒரே வாரத்தில் புரிந்துவிடும்.

இது தெரியாமல் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வருடம், அறுவடை முடிந்து நிலம் ஈரமாக இருக்கும்போதே வாடகைக்கு ரோட்டவேட்டர் வைத்து இரண்டு சால் ஓட்டினேன். வயல் மாவு மாதிரி ஆனது, பார்க்க அவ்வளவு அழகு. வயலின் ஒரு மூலையில் மட்டும் கிடந்த புல்லை ரோட்டவேட்டர் கணுக் கணுவாக நறுக்கி ஒன்றரை ஏக்கருக்கும் விதைத்துவிட்டது. அடுத்த போகத்தில் களையெடுப்புக் கூலி நெல் விற்ற பணத்தில் பெரும் பங்கைத் தின்றது. களையெடுக்க வந்த சின்னம்மா ஒருத்தர் முதல் நாளே சொன்னார், "கண்ணு, இது புடுங்கற புல்லு இல்ல, தோண்டற புல்லு." அந்த ஒரு வார்த்தையை அதற்கு முன்னால் கேட்டிருந்தால் அந்த வருடம் தப்பித்திருப்போம்.

சரி, இப்போது என்ன செய்வது? பயிர் நிற்கும் வயலாக இருந்தால் வரிசைக்கு நடுவே களைக்கொத்தைச் சாய்வாக இறக்கி, படுத்திருக்கும் தண்டை நுனியிலிருந்து அடிவரை பின்தொடர்ந்து தூக்குங்கள். சேறு இளகி இருக்கும் நாளில் முழு நீளமும் அறாமல் வரும். தண்ணீர் வடிந்து இறுகிய பிறகு போனால் அறுந்து அறுந்துதான் வரும், ஆகவே அந்த நாளில் போகாதீர்கள். வெளியே எடுத்ததை வரப்பில் குவிக்கக் கூடாது. குவியலின் அடியில் இருப்பது ஈரத்தில் உயிரோடு இருந்து, அடுத்த மழைக்கு வயலுக்குள் இறங்கிவிடும். நாங்கள் சாக்கில் கட்டிக் களத்துக்குக் கொண்டுபோய் மெல்லிசாக விரிக்கிறோம். கணுவை ஒடித்தால் மளுக்கென்று முறிய வேண்டும், அதுவரை காய வேண்டும். அதற்குப் பிறகு குப்பைக்குழியில் போடலாம்.

நெல் வரிசைக்கு நடுவே கையால் தள்ளி ஓட்டும் கோனோ வீடரை இந்தப் புல் அடர்ந்த இடத்தில் ஓட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். மற்றக் களைக்கு அருமையான கருவி அது. இங்கே மட்டும் நறுக்கிப் பரப்பிவிடுகிறது.

பயிர் இல்லாத காலம்தான் உண்மையான வாய்ப்பு. நிலம் நன்றாக உலர்ந்த பிறகு கொத்துக் கலப்பை போட்டு உழுங்கள். கொழு நறுக்காது, கிளறி மேலே இழுத்துப் போடும். நீள நீளமாகக் கிழங்குத் தண்டு மேலே வந்து கிடக்கும். எங்கள் பக்கத்துப் பங்குனி, சித்திரை வெயிலுக்கு அது சில நாளில் சுள்ளியாகிவிடும். வெயில் தாழ நடந்து பொறுக்கி எடுத்துவிடுவோம். அடுத்த நடவுக்கு முன் ஒரு சேறடித்து, தண்ணீர் நிறுத்தி ஒரு வாரம் விட்டால் மிச்சம் மீதி தளிர்க்கும். அதை மறு சேற்றில் கையால் எடுத்துவிட்டுப் பரம்படிக்கலாம். இரண்டு கோடை விடாமல் இப்படிச் செய்ததில் எங்கள் நடு வயல் சுத்தமானது. ஓரம் மட்டும் ஆகவில்லை. அது அடுத்த கதை.

"நடு வயலில் இல்லை, வரப்பு ஓரமாகவே வருகிறது"

அப்படியென்றால் வேர் உங்கள் வயலில் இல்லை. வரப்பின் அடியிலோ வாய்க்காலிலோ இருக்கிறது. தண்டு அங்கிருந்து படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் ஊன்றி உள்ளே நடந்து வருகிறது. வயலுக்குள் எத்தனை முறை களை எடுத்தாலும் தீராது.

நடவுக்கு முன் வரப்பைக் கழித்து அண்டை வெட்டுவது எல்லாரும் செய்வதுதான். அதில் கொஞ்சம் கூடுதல் கவனம் போதும். மண்வெட்டியால் மேலாகச் செதுக்காமல், வரப்பின் அடி மண்ணை ஒரு சாண் ஆழம் வெட்டி எடுத்து, அதில் வரும் தண்டைப் பொறுக்கிவிட்டு, சேற்றால் அண்டை அணைத்துப் பூசுங்கள். புல்லோடு இருக்கும் மண்ணையே திரும்ப வரப்பில் அப்பினால் நாமே நட்டது போலத்தான்.

"கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை"

இது ஒருவருடைய பிரச்சினை இல்லை, ஊரின் பிரச்சினை. அதனால்தான் இதைப் பற்றி நிறைய எழுதத் தோன்றுகிறது.

வயல் வாய்க்காலில் இந்தப் புல் இரு கரையிலிருந்தும் தண்ணீர் மேல் படரும். தண்டுகள் ஒன்றோடு ஒன்று பின்னிப் பாய் மாதிரி ஆகும். பாயின் அடியில் தண்ணீர் வேகம் குறையும், வண்டல் படியும். வண்டல் மேல் கணுக்கள் வேர் விடும். இரண்டு போகத்தில் வாய்க்காலின் அடி மட்டம் உயர்ந்துவிடும். அப்புறம் தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் கரையைத் தொட்டு நிற்கும், கடைமடைக்காரர் மண்வெட்டியோடு சண்டைக்கு வருவார். தண்ணீரை யாரும் திருடியிருக்க மாட்டார்கள். புல் பிடித்து வைத்திருக்கும்.

ஓடும் தண்ணீரில் இறங்கி அரிவாளால் வெட்டிவிடுவதுதான் வழக்கம். அன்றைக்குத் தண்ணீர் போகும், உண்மைதான். ஆனால் வெட்டிய துண்டுகள் எல்லாம் மிதந்து போய் ஒவ்வொரு மடையிலும் நுழையும். வேறு வழியில்லாமல் பயிர்க் காலத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கீழே முதல் மடைக்கு மேல் மூங்கில் தட்டி ஒன்றைக் குறுக்கே ஊன்றிவிட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே வெட்டிக்கொண்டு போங்கள். தட்டியில் சேருவதை அன்றைக்கே கரையேற்றிவிட வேண்டும். எங்கள் மடை வாயில் பழைய கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டி வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் உதறினால் ஒரு கைப்பிடித் துண்டாவது இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று, நான்கு கணு.

முழு வைத்தியத்துக்குக் காலம் தண்ணீர் அடைத்த பிறகுதான். நாங்கள் மூன்று முறை போகிறோம். முதல் முறை தை மாதம். வாய்க்கால் வற்றியிருக்கும், ஆனால் அடி மண் இன்னும் மண்வெட்டிக்கு இளகும். கரை ஓரத்துத் தூரைத் தோண்டி எடுத்து, படிந்த வண்டலையும் சேர்த்து வாரிக் கரையின் வெளிப்பக்கம் போடுவோம். இரண்டாம் முறை சித்திரையில், ஒரு கோடை மழை பெய்து பத்து நாள் கழித்து. விட்டுப்போன கிழங்கெல்லாம் தளிர்த்துத் தன்னைக் காட்டிக் கொடுக்கும். பச்சை தெரிகிற இடத்தில் மட்டும் தோண்டினால் போதும், அரை நாள் வேலை. மூன்றாம் முறை ஆடியில், தண்ணீர் திறக்கும் முன். அப்போது மதகடியைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். வாய்க்கால் முழுக்கக் காய்ந்தாலும் மதகின் கீழ் கசிவு ஈரத்தில் ஒரு குத்துப் புல் கோடை முழுக்க உயிரோடு இருக்கும். அங்கே மிஞ்சுகிற ஒரு குத்து போதும், ஆகஸ்டுத் தண்ணீரில் அது மொத்த வாய்க்காலுக்கும் இறங்கிவிடும்.

ஒரு குடும்பம் மட்டும் தன் பங்கு நீளத்தைச் சுத்தம் செய்து பலன் இல்லை. மேல்மடைக்காரரும் கூட வர வேண்டும். எங்கள் வாய்க்காலில் ஒன்பது குடும்பம் பாய்ச்சுகிறோம். முதல் வருடம் நான்கு பேர்தான் வந்தார்கள். கடைமடையில் நெல் காயாமல் கதிர் வாங்கியதைப் பார்த்த பிறகு மறு தை மாதம் யாரையும் கூப்பிட வேண்டி இருக்கவில்லை.

"களைக்கொல்லி அடித்தும் சாகவில்லை"

நட்ட மூன்று நான்கு நாளில் மணலோடு கலந்து தூவுகிறோமே, அந்த வகை மருந்து முளைத்து வரும் விதையைத் தாக்குவதற்கானது. சேற்றுக்குள் கிழங்குத் தண்டாக ஏற்கெனவே வளர்ந்து கிடப்பதை அது ஒன்றும் செய்யாது. மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன், உங்கள் வயலில் வந்திருப்பது விதையிலிருந்தா தண்டிலிருந்தா என்று ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். அடியில் படுத்த பழைய தண்டு இருந்தால் அந்த மருந்தால் பயன் இல்லை.

பயிர் நிற்கும்போது அடிக்கிற மருந்து எதுவானாலும், டப்பாவில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் களையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் ஒரு செடியைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாய்க்காலில் கிளைபோசேட் அடிக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. சட்டம் இருக்கட்டும், அதே வாய்க்கால் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது, கீழே பயிரும் குடிக்கிறது. நான் செய்ய மாட்டேன், உங்களையும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"வரப்பை ஒட்டிய நெல்லில் இருந்து நோய் தொடங்குகிறது"

இங்கே அவசரப்படாமல் பார்க்க வேண்டும். நெல்லுக்கு வரும் சில நோயும் பூச்சியும், நெல் இல்லாத மாதங்களில் இந்தப் பங்காளி வீட்டில் தங்கிவிட்டு வருவது உண்டு. எல்லாமே அப்படி வருவதில்லை.

இலையின் நுனியிலிருந்து ஓரமாக அலை அலையாக மஞ்சள் இறங்கி வைக்கோல் நிறமாகக் காய்ந்தால் பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கலாம். லீர்சியாவில் அந்தப் பாக்டீரியா தங்கும் என்பது ஜப்பானில் வெகு காலம் முன்பே தெரிந்த விஷயம். வாய்க்கால் ஓரத்து லீர்சியாவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பாசனத் தண்ணீரோடு அது நெல்லுக்குப் போகிறது. சோதிப்பதற்குக் காசு செலவில்லை. பச்சையும் மஞ்சளும் சந்திக்கிற இடத்தில் இலையை இரண்டு அங்குலம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டு முனை தண்ணீரில் இருக்கும்படி பிடியுங்கள். தம்ளரை வெளிச்சத்துக்கு நேராக வைத்து அசைக்காமல் சில நிமிடம் பார்த்துக்கொண்டே இருங்கள். பாக்டீரியாவாக இருந்தால் வெட்டு வாயிலிருந்து பால் மாதிரி மெல்லிய இழை ஒன்று கீழே இறங்கும், அகர்பத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பது போல. சத்துக் குறைவால் மஞ்சளான இலையில் இது வராது.

இழை இறங்கினால் யூரியா போடுவதை உடனே நிறுத்துங்கள். தண்ணீரை வடியுங்கள், ஆனால் அடுத்தவர் வயல் வழியாக வடிக்காதீர்கள். பசுஞ்சாணக் கரைசல் 20 சதவீத அளவில் இரண்டு முறை தெளிக்கச் சொல்லித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அடுத்த போகத்தில் நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அந்தக் காயம் நோய்க்கு வாசல். வாய்க்காலில் ஆடிச் சுத்தம் செய்வதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

இலை நீளவாக்கில் சுருண்டு உள்ளே பச்சையம் சுரண்டப்பட்டிருந்தால் இலைச் சுருட்டுப் புழு. பயிர் வளரும் பருவத்தில் பத்தில் ஒரு இலைக்குக் கீழே என்றால் மருந்து தேவையில்லை, கதிர் பருவத்தில் நூற்றுக்கு ஐந்து வரை பொறுக்கலாம்.

நெல் தூரில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சியான புகையான் விஷயம் வேறு மாதிரி. வாய்க்கால் புல்லின் தூரை விலக்கிப் பார்த்துப் பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகளைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிலிப்பைன்ஸில் 1980களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். லீர்சியாவில் வாழும் புகையானும் நெல்லில் வாழும் புகையானும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் புல்லில் வாழ்வது நெல்லில் சரியாகத் தழைக்கவில்லை, நெல்லில் வாழ்வது புல்லில் தழைக்கவில்லை. துணையைக் கூப்பிட அவை தண்டின் வழியே அனுப்பும் அதிர்வின் தாளம்கூட இரண்டுக்கும் வேறு வேறாக இருந்தது. ஆகவே புல்லில் இருக்கும் பூச்சியை எண்ணி முடிவு எடுக்காதீர்கள். நெல்லின் தூரைப் பிரித்துத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே எண்ணுங்கள். தண்டுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டினால்தான் நடவடிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டுக்கு இரண்டு வரை பொறுக்கலாம். நடும்போதே இரண்டரை மீட்டருக்கு ஒரு அடி அகலம் நடாமல் பட்டமாக இடைவெளி விட்டிருந்தால் காற்றும் வெயிலும் தூருக்குப் போய்ப் பாதிப் பிரச்சினை குறையும். வரப்பில் தேவையில்லாமல் அடிக்கும் மருந்து முதலில் கொல்வது அந்தச் சிலந்தியைத்தான்.

"கையெல்லாம் கீறல், எரிகிறது"

இலை விளிம்பிலும் நடு நரம்பிலும் கண்ணுக்குத் தெரியாத பற்கள் இருக்கின்றன. முழங்கை வரை பழைய சட்டைக் கையை மாட்டிக்கொண்டு இறங்குங்கள். வேலை முடிந்ததும் வாய்க்காலில் அலம்பிவிட்டுப் போகாமல், வீட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீறலைவிட அதன் வழியே உள்ளே போவதுதான் ஆபத்து. எலிச் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். களை எடுத்த ஓரிரு வாரத்தில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய், வயல் வேலை செய்தேன் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

"எடுத்த புல்லை மாட்டுக்குப் போடலாமா?"

இளசாக இருந்தால் தாராளமாகப் போடலாம். மாடு ஆசையாகத் தின்னும், நெல்லின் சொந்தம் அல்லவா. முற்றியது சொரசொரப்பாகிவிடும், மாடு ஒதுக்கும்.

எங்கே வளர்ந்த புல் என்பதைப் பொறுத்துத்தான் பதில். இந்தப் புல் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் குரோமியத்தை இழுத்துத் தன் இலையில் மிக அதிகமாகச் சேர்த்துக்கொள்ளும். 2007இல் சீன ஆராய்ச்சியாளர்கள் இதை வெளியிட்டார்கள். அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்தலாமா என்று அதற்குப் பிறகு நிறைய சோதனைகள் நடந்திருக்கின்றன. சேலம் நகருக்குள் திருமணிமுத்தாறு எந்த நிலையில் ஓடுகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். சாயத் தண்ணீரும் ஆலைக் கழிவும் ஓடும் ஆற்று ஓரத்திலோ சாக்கடை ஓரத்திலோ இது எவ்வளவு தளதளவென்று நின்றாலும் அறுத்து மாட்டுக்குப் போடாதீர்கள். அந்தப் பச்சையைப் பார்த்து ஏமாந்து கட்டுக் கட்டாக அறுத்துப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. வெள்ளைக்கல் வெட்டும் சேலம் வடக்குப் பக்கத்து மலையடிவாரப் பாறையிலும் இயற்கையாகவே குரோமியம் உண்டு. அந்தப் பக்கத்து ஓடைப் புல்லிலும் அதே கவனம் வேண்டும். வாய்க்கால் பாசன வயலில் எடுத்த இளம் புல்லை எங்கள் மாடு தின்கிறது. வேரையும் அடித்தண்டையும் வெட்டிவிட்டு மேல் பகுதியை மட்டும் போடுகிறோம். சிந்தும் கணுத் துண்டு சாணக் குழிக்குப் போய், எருவோடு திரும்ப வயலுக்கே வந்துவிடக் கூடாது பாருங்கள்.

"புல்லை எடுத்த பிறகு ஓடைக் கரை சரிகிறது"

இது ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா கேட்டது. காப்பித் தோட்டத்துக்குக் கீழே ஓடை. அதன் கரையில் இந்தப் புல்லைப் பார்த்துவிட்டு, கீழே நான் படும் பாட்டைக் கேட்டிருந்ததால், பயந்து ஒரே நாளில் முழுவதையும் எடுக்கச் சொல்லிவிட்டார். ஐப்பசி மழையில் கரை ஒரு கஜம் உள்ளே போனது.

மலையில் நெல் வயல் இல்லாத ஓடையில் இந்தப் புல் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. பின்னிய வேரால் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. மணி முற்றும் காலத்தில் தினைக்குருவிகள் தண்டை வளைத்துக்கொண்டு உட்கார்ந்து கொத்தும். அங்கே எடுக்க வேண்டாம். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள், கரை அடியில் மூங்கில் குச்சி ஊன்றி, மேல் ஓடையிலிருந்து இதே புல்லின் தண்டை முழ நீளத்தில் வெட்டி வந்து, ஈரம் தொடும்படி சாய்த்துப் புதைத்துவிடுங்கள். அக்கா வீட்டில் கார்த்திகையில் நட்டது தை வருவதற்குள் பிடித்துக்கொண்டது. கீழே நாங்கள் அதே தையில் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியிருந்தோம்.